உப்பளத்துப் பீமன்

கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தால் தர்மராஜ் மூச்சை அடக்கிக்கொள்வான். குஞ்சைப் பத்திரமாகக் கூடைக்குள் விட்ட பிறகுதான் அந்த மூச்சு வெளியே வரும். தண்ணீர்ச் சொம்பை இரண்டு விரலால் பிடிப்பான். கதவைத் தள்ளமாட்டான், சும்மா தொடுவான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி செங்கமலம் கொண்டுவந்த சீர்ச் சொம்பு ஒன்றை ஏதோ நினைவில் இறுக்கிப் பிடித்து ஒரு பக்கம் நசுக்கிவிட்டான். அந்தச் சொம்பு இன்றும் அவர்கள் வீட்டில் சாய்ந்துதான் நிற்கிறது. "அன்னியிலேர்ந்து இந்தக் கையி என் கையி இல்ல, யாரோ குட்த்து வச்சது. பாத்துத்தான் வச்சினு கீறேன்" என்பான்.

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே உப்பளம். உப்பளத்தை ஒட்டிக் கால்வாய். அம்பாரமாகக் குவித்த உப்பை மூட்டை கட்டி, கால்வாயில் நிற்கும் படகில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள். அம்பாரத்துக்கும் படகுக்கும் நடுவில் நடக்கிற முதுகு தர்மராஜுடையது. ஈர உப்பு ஊறி ஊறி அந்த முதுகு சாம்பல் பூத்துக் கிடக்கும். மற்ற ஆட்கள் மூட்டையைப் பலகையில் போடுகிற சத்தம் கரைக்குக் கேட்கும். இவன் இறக்கினால் சத்தமே இருக்காது. "தூக்கறது எவனும் தூக்குவான். எறக்கறதுலதான் கீது தொயில்" என்பது அவன் வாய்ப்பேச்சு. படகுக்காரர் மோசஸ், தர்மராஜ் மூட்டை வைத்தானா இல்லையா என்று தன் படகைக் கேட்டால் அதற்கே தெரியாது என்று சொல்லிச் சிரிப்பார்.

சாப்பாட்டில் மட்டும் அடக்கம் கிடையாது. பந்தியில் அவன் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் முகம் மாறும். பேர் தருமர், வேஷம் பீமன், வயிறு பகாசுரன் என்று உப்பு வாரும் பெண்கள் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

வேஷம் பீமன் என்றது சும்மா இல்லை. ஊரில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. சித்திரையில் கொடியேற்றி, பகலெல்லாம் பாரதம் படித்து, கடைசி நாள் காலையில் படுகளம். களத்தில் துரியோதனனை மல்லாக்கப் படுத்த கோலத்தில் மண்ணால் செய்து வைப்பார்கள். தலைமாட்டில் நிற்கிறவனுக்குக் கால்மாட்டில் நிற்கிறவன் முகம் தெரியாது, அத்தனை நீளம். வலது தொடைக்குள் குங்குமம் கரைத்த பானை ஒன்றைப் புதைத்திருப்பார்கள். பீமன் அந்தத் தொடையை உடைத்தால் சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டு அம்மனின் விரித்த கூந்தலில் வைத்து முடிவார்கள். கூந்தல் முடிகிற வரையில் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகையாது. காப்புக் கட்டிய பெண்கள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல், தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பார்கள்.

பீம வேஷமும் துரியோதன வேஷமும் ஒரே வம்சத்துக்கு உரிமை. கொள்ளுப்பாட்டன் ஒருவன், அவனுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் வழியில் வந்தவர்களுக்குத் துரியோதனன், இளையவள் வழிக்குப் பீமன். மூத்தவள் வழியில் இப்போது சின்னையன். தர்மராஜுக்குப் பெரியப்பன் மகன். அதோடு போகவில்லை, செங்கமலத்தின் கூடப்பிறந்த அக்காள்தான் சின்னையனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆக இருவருக்கும் பங்காளி முறையும் உண்டு, சகலை முறையும் உண்டு. சின்னையன் உப்பளத்தில் மேஸ்திரி. முதலாளி பட்டணத்தில் இருப்பதால் அளத்தில் மேஸ்திரி சொன்னதுதான் சட்டம். தர்மராஜ் அவனை 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிடுவான். எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

பாரதம் படிக்க வருகிறவர் அச்சரப்பாக்கத்துப் பிரசங்கியார் வாசுதேவன். கணீரென்ற குரல். ஆனால் எங்கள் ஊருக்கு வருவதென்றால் அவருக்குக் கொஞ்சம் பயம், காரணம் தர்மராஜ். முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பான். கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி, பீமன் தொடையில் அடித்ததைப் பார்த்துப் பலராமர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார் என்று ஒரு வருஷம் அவர் சொல்லிவிட்டார். அன்று தர்மராஜ் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மறுநாள் வந்து, அப்படியானால் வருஷா வருஷம் நான் தப்புப் பண்ணிக்கொண்டா இருக்கிறேன் என்று கேட்டான். அவர் சபதத்தைச் சொன்னார், கிருஷ்ணன் காட்டிய ஜாடையைச் சொன்னார், தொண்டை கட்டிவிட்டதென்று சுக்கு வெந்நீர் வாங்கிக் குடித்துத் தப்பித்தார்.

சென்ற சித்திரையில் அவன் கேட்டது வேறு கேள்வி. சூதாட்டம் படித்த நாள். பாஞ்சாலியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்த இடம். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். தர்மராஜ் எழுந்து நின்றான்.

"சாமி, அத்தினி பலம் வச்சிகினு பீமன் இன்னா பண்ணினு இருந்தான் அங்க?"

அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்தான் என்றார் பிரசங்கியார்.

"அண்ணன் பண்றது தப்பா இருந்தா?"

வாசுதேவன் அடுத்த பாட்டை எடுத்தார். அவன் எதைக் கேட்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாசி மாதம் நடந்த சங்கதி அது. அம்பாரத்தில் மூட்டைகள் குறைந்தன. முதலாளியின் கணக்கப்பிள்ளை வந்து கேட்டபோது, சின்னையன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த வரலட்சுமியைக் கை காட்டினான். அவள் கால்வாய்க்கு அப்பால் சேரியில் இருப்பவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். இரவில் ஆள் வைத்துக் கடத்துகிறாள் என்று சொல்லி, அவள் மறுத்துப் பேசியதும் தலைமயிரைப் பிடித்து வரப்பு வரப்பாக இழுத்துக்கொண்டுபோய் அளத்துக்கு வெளியே தள்ளினான். அத்தனை சனமும் பார்த்தது. தர்மராஜும் பார்த்தான், முதுகில் மூட்டையோடு. அதற்குப் பிறகு கோவளம்வரை எந்த அளத்திலும் அவளுக்கு வேலை இல்லை. உப்புத்திருடி என்ற பெயர் அவளுக்கு முன்னால் நடந்து போனது.

மற்றவர்கள் பார்த்தது வேறு, தர்மராஜ் பார்த்தது வேறு. ஏனென்றால் மூட்டை எப்படிப் போனது என்று அவனுக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில், அவசர லோடு என்று சொல்லி, பழக்கமில்லாத படகு ஒன்றில் அவற்றை ஏற்றச் சொன்னவன் சின்னையன். ஏற்றியது இதே முதுகு. அன்றைக்கு அவனுக்கு விஷயம் தெரியாது. அவளை இழுத்துப்போன அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. தெரிந்தும் நின்றான்.

பாரதத்தில் அந்தக் கேள்வி கேட்ட மறுநாள், கால்வாய்க்கரையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த வரலட்சுமியிடம் போனான். ஊர்க்காரர்களை எப்போதும் 'சாமி' போட்டுப் பேசுகிறவள், அன்று அவனை 'நீ' என்றே பேசினாள்.

"இன்னா, பீமன் வந்துகீது? அன்னிக்கு முதுவுல மூட்டய வச்சிகினு பாத்துகினே நின்னியே. எறக்கி வச்சிட்டு ஒரு வார்த்த கேட்டியா?"

தர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டான். படுகளத்தில் சின்னையன் தன் கதாயுதத்துக்குக் கீழேதான் இருப்பான், கை கொஞ்சம் தவறினால் போதும், அவன் கால் அதோடு சரி, ஊரும் அம்மன் செயல் என்று சொல்லிவிடும் என்றான். அவன் வாழ்நாளில் ஒருவரை அடிப்பேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வரலட்சுமி சுள்ளிக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அடிச்சா அவன் காலு ஒடியும். எம்பேரு திரும்பி வருமா?"

கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

படுகளத்தன்று விடிந்ததும் விடியாததுமாக வண்டிகள் வந்து குவிந்துவிட்டன. திருப்போரூர்ச் சனம் ஒரு பக்கம், கோவளத்துச் சனம் ஒரு பக்கம். பம்பையும் உடுக்கையும் வயிற்றுக்குள் போய் அதிர்ந்தன. புளியமரக் கிளையெல்லாம் ஆள். சேரிச் சனம் களத்துக்குள் வரக் கூடாதென்று ஒரு வழக்கம் அன்றும் இருந்தது. அவர்கள் களத்தை ஒட்டிய ஏரிக்கரைமேல் வரிசையாக நின்றார்கள், வரலட்சுமியும். கணக்கப்பிள்ளைகூடப் பட்டணத்திலிருந்து வந்து பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னையன் வேஷம் கட்டினால் பார்க்க வேண்டும். அவனைக் குறை சொல்லக் கூடாது, அவன் ஆட்டத்துக்கு நிகர் இல்லை. மண் துரியோதனன் மார்பின்மேல் ஏறி நின்று மீசையை முறுக்கி அவன் கீழே குதித்தபோது புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. தர்மராஜ் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து உள்ளே பாய்ந்தான். கையில் அவர்கள் வீட்டுக் கதாயுதம். மற்ற ஊர்களில் துணி சுற்றிய பொய்க் கதாயுதம் வைத்துக்கொள்வார்கள். இது முழுப் புளியமரத்தைக் கடைந்து தகரம் அடித்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் அதைப் பரணிலிருந்து இறக்குவார்கள். மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம், பாய்ச்சல், இரைச்சல். சனம் தன்னை மறந்து கூவியது.

இந்தக் களத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசியில் துரியோதன வேஷக்காரன் மண் தொடையின்மேல் சாய வேண்டும். பீமன் கதாயுதத்தை ஓங்கி மூன்று குறை கேட்பான்: அரக்கு மாளிகை, சூது, துகில். ஒவ்வொன்றுக்கும் துரியோதனன் 'ஆம், செய்தேன்' என்று சொல்லி, கடைசிக் குறையும் தீர்ந்ததும் உருண்டு விலகிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அடி விழும். குறை தீராமல் துரியோதனன் எழுந்தால் அந்த வம்சம் விளங்காது. ஓங்கிய கதாயுதம் அடிக்காமல் தரையைத் தொட்டால் படுகளமே பழுது; தீமிதி கிடையாது, கூந்தல் முடிப்பு கிடையாது. களத்தில் ஒத்துக்கொண்ட சொல்லுக்கு மறுபேச்சும் கிடையாது.

மூன்று குறையும் முடிந்தது. சின்னையன் உருளப் போனான். தர்மராஜ் காலை எடுத்து அவன் பக்கத்தில் அணையாக வைத்தான். கதாயுதம் தலைக்கு மேலேயே நின்றது.

"அண்ணாத்த, இன்னும் ஒண்ணு கீது."

பம்பைக்காரனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"மாசில அம்பாரத்து மூட்டய எட்த்தது யாரு?"

சின்னையன் வேஷக் குரலில் சிரித்துப் பார்த்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாடா பேஜாரு பண்ற, அடிச்சி முடி" என்றான். தர்மராஜ் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் ஓடிவந்து, ஒரு சேரிப் பொம்பளைக்காக ஊர்ப் படுகளத்தைக் கெடுக்கிறாயா என்று கத்தினார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காவது குறை கேட்க ஏட்டில் இடம் உண்டா என்று அவர் பிரசங்கியாரை இழுத்தார். வாசுதேவன் தர்மராஜின் முகத்தைப் பார்த்தார், ஏரிக்கரையைப் பார்த்தார்.

"குறை இத்தனைதான்னு ஏட்டில் எழுதல. கேட்க வேண்டியது பீமன்" என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. தர்மராஜ் மூட்டைக்கு நிற்பதுபோல் காலை அகட்டி நின்றான். அரிதாரம் கரைந்து மார்பில் வழிந்தது. முதலில் தோள் நடுங்கியது, பிறகு முழங்கை. உப்பு மூட்டை என்றால் முதுகு வாங்கிக்கொள்ளும். தலைக்கு மேல் ஓங்கியதை எது வாங்கும்? ஒவ்வொரு நரம்பும், விடு, விடு என்றது. விட்டால் நேரே கீழே சின்னையனின் தொடை. விட்டுவிட்டான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், கை சோர்ந்துவிட்டது என்பார்கள். அந்த ஆசை அவன் தொண்டை வரைக்கும் வந்ததை, செங்கமலம் கூட்டத்தில் நின்றபடியே அவன் முகத்தில் பார்த்துவிட்டாள். புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். கதாயுதம் ஒரு சாண் இறங்கியது. சனம் 'ஆ' என்றது. தர்மராஜ் அடிவயிற்றிலிருந்து ஒரு முக்கல் முக்கி அதை மறுபடி மேலே ஏற்றினான்.

சின்னையனின் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது. அடிக்க வருகிறவனிடம் கெஞ்சலாம், ஏசலாம். இவன் அடிக்காமல் இருக்கப் போராடுகிறவன். அந்தப் போராட்டம் தோற்றால் தன் கால் போகும் என்று புரிந்தது.

"தூக்கனவன் நீதானடா. ஒன் முதுவுலதான போச்சு" என்று கிசுகிசுத்தான்.

தர்மராஜ் அதை ஊருக்கே சொன்னான்.

"ஆமா, தூக்கனவன் நான். இந்த முதுவுதான். எடுக்கச் சொன்னது யாரு?"

பந்தலடியில் கணக்கப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார். காப்புக் கட்டிய பெண்கள் கூட்டத்தில் பாலாம்பாள் என்ற கிழவி நாக்கு வறண்டு, "சொல்லித் தொலடா பாவி, எங்க உசுரு போவுது" என்றாள். அவ்வளவுதான், பசித்த கூட்டம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. சொல்லு, சொல்லு என்று நாலு திசையிலிருந்தும் சத்தம். மரக்கிளையிலிருந்து சத்தம். பம்பைக்காரன் அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். கடைசியில் சின்னையனின் பெண்டாட்டியே விரித்த தலையோடு முன்னால் வந்து, "சொல்லிடுய்யா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தான் எடுத்தேன்" என்றான் சின்னையன்.

"எடுக்காதது யாரு? பேரச் சொல்லு."

"அவ எடுக்கல."

"பேரு."

"வரலட்சுமி. வரலட்சுமி எடுக்கலடா. பொய் சொல்லி அட்ச்சித் தள்ளுனேன், போதுமா?"

தர்மராஜ் அணையாக வைத்திருந்த காலை எடுத்தான். சின்னையன் உருண்டான். கதாயுதம் இறங்கிய வேகத்தில் மண் தொடை இரண்டாகப் பிளந்து, சிவப்புத் தண்ணீர் பீறிட்டு, கிட்டே நின்றவர்களின் வேட்டியெல்லாம் நனைந்தது. குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. சனம் முழுக்க அம்மன் பக்கம் பாய்ந்தது. கூந்தலில் சிவப்பு வைத்துப் பூச்சரம் சுற்றி முடிந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தங்கள் தலையை முடிந்துகொண்டார்கள்.

தர்மராஜ் அந்தப் பக்கம் போகவில்லை. கதாயுதத்தைக் களத்திலேயே விட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தான். இரண்டு கையும் தனக்குச் சொந்தமில்லாததுபோல் பக்கவாட்டில் தொங்கின. வேஷம் கலைப்பது பங்காளி வீட்டார் செய்ய வேண்டிய வேலை. இரண்டு கிழவர்கள் பின்னாலேயே வந்து, நில்லடா, கிரீடத்தை அவிழ்க்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அவன் கரைமேல் ஏறினான். வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். வரலட்சுமி மட்டும் விலகவில்லை.

"கையி மேல போவல. இந்த முடிச்ச நீ அவுத்து வுடு" என்று அவள் முன்னால் தலையைக் குனிந்தான்.

அவள் களத்தைப் பார்த்தாள். அங்கே சிலர் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். கிரீடத்து முடிச்சு உச்சந்தலைக்குப் பின்னால் இருந்தது, எட்டவில்லை.

தர்மராஜ் இன்னும் குனிந்தான்.